ஓடும் குதிரையை நிறுத்தியவர்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் ஒரு முறை அல்ல, பல முறை போயிருப்பீர்கள். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, உருண்டு விழுவதுபோல நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த முறை போகும்போது, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு பக்கச் சுவரில் பாம்பணையின் மேல் திருமால் அமைதியாகப் படுத்திருப்பார். எதிர்ச் சுவரிலோ பெரிய போர் நடந்துகொண்டிருக்கும்! எட்டுக் கைகளுடன் துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து, வில்லை வளைத்தபடி பாய்ந்து வருகிறாள். எருமைத் தலை கொண்ட மகிஷன் கையில் கதையோடு பின்பக்கமாகச் சாய்கிறான். சண்டையின் ஒரே ஒரு கணத்தை எடுத்து, சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்லவ நாட்டுச் சிற்பி கல்லில் நிறுத்திவிட்டார்.

வேகமாக நகர்கிற ஒன்றை அப்படியே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை மனிதனுக்கு எப்போதுமே உண்டு. சிற்பி அதை மனக்கண்ணால் நிறுத்தினார். கேமராவால் நிறுத்திக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எட்வர்ட் மைபிரிட்ஜ். இன்று செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில், ஸ்டம்பு சிதறிப் பறக்கும் படத்தையும், கோல்கீப்பர் அந்தரத்தில் பாயும் படத்தையும் பார்க்கிறோம் அல்லவா? அந்தப் படங்களுக்கெல்லாம் தாத்தா, அவர் எடுத்த ஒரு குதிரைப் படம்தான். அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

பெயரை மாற்றிக்கொண்ட பையன்

1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி, இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் மக்கரிட்ஜ். அப்பா தானியமும் நிலக்கரியும் விற்கும் வியாபாரி.

இருபது வயதை ஒட்டி அவர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். சில ஆண்டுகளில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் புத்தகக் கடை வைத்தார். தன் பெயரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனார். மக்கரிட்ஜ் என்ற பெயர் மைக்ரிட்ஜ் ஆகி, கடைசியில் மைபிரிட்ஜ் என்று நின்றது.

1860-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை தலைகீழாகப் புரண்டது. குதிரைகள் பூட்டிய பயணிகள் கோச்சு வண்டியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. அவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. நினைவு திரும்பியபோது ஒவ்வொரு பொருளும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வாசனை தெரியவில்லை. நாக்குக்குச் சுவையும் தெரியவில்லை.

சிகிச்சைக்காக இங்கிலாந்து திரும்பினார். குணமாகப் பல மாதங்கள் ஆயின. அங்கே இருந்த ஆண்டுகளில்தான் அவர் புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டார். 1867-ஆம் ஆண்டு மறுபடியும் சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியபோது அவர் புத்தகக் கடைக்காரர் அல்ல, புகைப்படக்காரர்! யோசெமிட்டி பள்ளத்தாக்கின் மலைகளையும் அருவிகளையும் அவர் எடுத்த படங்கள் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தன.

அசையாதே, ஆடாதே!

அந்தக் காலத்தில் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் ரசாயனக் கலவையைப் பூச வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் அதைக் கேமராவுக்குள் வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். உடனே இருட்டறைக்கு ஓடிப் போய்க் கழுவ வேண்டும். மலை உச்சியில் படம் எடுக்கப் போனால் இருட்டுக் கூடாரத்தையும், மருந்துப் புட்டிகளையும், கண்ணாடித் தகடுகளையும் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தகட்டில் படம் பதிய நேரம் பிடிக்கும். பல நொடிகள் வரை லென்சைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு பொம்மைபோல உட்கார வேண்டும். தலையை ஆட்டினால் படத்தில் முகம் கலங்கிவிடும்.

1838-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தின் பரபரப்பான தெரு ஒன்றை டாகேர் என்பவர் படம் எடுத்தார். படத்தில் தெரு ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது! வண்டிகளும் மனிதர்களும் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால், பல நிமிடம் திறந்திருந்த கேமராவில், நகர்ந்த யாருமே பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் படத்தில் விழுந்தார்.

நடந்து போகிறவரையே பிடிக்க முடியாத கேமராவிடம், ஓடுகிற குதிரையைப் பிடி என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஒருவர் வந்து சொன்னார்.

பணக்காரர் கேட்ட கேள்வி

அவர் லேலண்ட் ஸ்டான்போர்டு. கலிபோர்னியா மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். ரயில் கம்பெனி முதலாளி. பந்தயக் குதிரைகள் வளர்ப்பதில் பெரிய ஆசை. குதிரையின் கால்கள் எப்படி இயங்குகின்றன என்று சரியாகத் தெரிந்தால், இன்னும் நன்றாகப் பயிற்சி கொடுக்கலாமே என்று அவர் நினைத்தார்.

அப்போது ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. வேகமாக ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா, எழும்பாதா? ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும் என்றனர் ஒரு சாரார். நான்கும் எழும்பும் என்றனர் மற்றவர்கள். ஸ்டான்போர்டு இரண்டாவது கட்சி.

ஓவியர்களும் நான்கும் எழும்புவதாகத்தான் வரைந்து வந்தார்கள். ஆனால் எப்படி? முன்னங்கால்கள் இரண்டும் முன்னால் நீண்டிருக்கும். பின்னங்கால்கள் இரண்டும் பின்னால் நீண்டிருக்கும். குதிரை பறப்பதுபோல இருக்கும். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த புகழ்பெற்ற குதிரைப் பந்தய ஓவியமும் அப்படித்தான் இருக்கிறது. பல நாடுகளில், பல காலமாக இப்படியே வரைந்தார்கள். பார்த்தவர்களும் சரி என்றே நம்பினார்கள்.

நாலுகால் பாய்ச்சலில் ஒரு குதிரை நான்கு கால்களையும் ஒரு சுற்று எடுத்து வைக்க ஏறக்குறைய அரை நொடிதான் ஆகிறது. நம் கண்ணும் மூளையும் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு காட்சிகளுக்கு மேல் அடுத்தடுத்து வந்தால், மூளை அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கத் திணறுகிறது. எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து தெரிகிறது. ஆகவே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஸ்டான்போர்டு தன் நண்பரோடு 25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்று பல புத்தகங்களில் கதை வரும். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பணத்துக்காக அல்ல, விடை தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர் செலவு செய்தார் என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

1872-ஆம் ஆண்டு மைபிரிட்ஜை அழைத்து, தன்னுடைய ஆக்சிடென்ட் என்ற குதிரை வேகமாகப் போகும்போது படம் எடுக்கச் சொன்னார். ஆக்சிடென்ட் என்றால் விபத்து என்று நினைத்துவிடாதீர்கள்! மேற்குத் திசை என்று பொருள் தரும் வேறொரு ஆங்கிலச் சொல் அது. முதல் முயற்சிகளில் நிழல்போல மங்கலான உருவம்தான் விழுந்தது. ஆனாலும் நான்கு கால்களும் மேலே இருப்பது தெரிகிறது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது இருந்தது.

ஒரு கறுப்புப் பக்கம்

வேலை நடுவில் நின்றுபோனது. காரணம் கேமரா அல்ல, கோபம். 1874-ஆம் ஆண்டு, குடும்பப் பிரச்னை ஒன்றில் ஆத்திரம் தலைக்கேறி, மைபிரிட்ஜ் ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டார். 1875-இல் நடந்த வழக்கில் நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. ஆனால் போன உயிர் போனதுதானே! சாதித்த மனிதர்களின் வாழ்க்கையில் எல்லாப் பக்கங்களும் வெள்ளையாக இருப்பதில்லை. அவருடைய திறமையைப் பாராட்டலாம். அந்தச் செயலைப் பாராட்ட முடியாது.

விடுதலை ஆனதும் அவர் மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் போய்ப் படங்கள் எடுத்தார். பிறகு திரும்பி வந்து குதிரை வேலையை மறுபடியும் தொடங்கினார். 1877-இல் ஆக்சிடென்ட் ஓடும் படம் ஒன்றை வெளியிட்டார். அதில் தூரிகை வேலை செய்திருப்பது தெரிந்தது. பத்திரிகைகள் சந்தேகப்பட்டன. இது புகைப்படமா, ஓவியமா என்று கேட்டன.

இனி ஒரே வழிதான். எல்லோர் கண்முன்னாலும் எடுத்துக் காட்ட வேண்டும்!

பன்னிரண்டு கேமராக்கள், பன்னிரண்டு நூல்கள்

பாலோ ஆல்டோ என்ற இடத்தில் ஸ்டான்போர்டுக்குக் குதிரைப் பண்ணை இருந்தது. இப்போது அங்கேதான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பண்ணையின் ஓடுபாதை ஓரமாக மைபிரிட்ஜ் நீளமான கொட்டகை ஒன்று கட்டினார். அதில் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 27 அங்குலம், அதாவது சுமார் 69 சென்டிமீட்டர்.

எதிர்ப் பக்கத்தில் வெள்ளைத் திரை. தரையிலும் சுண்ணாம்புத் தூள். எதற்காக? வெயில் பட்டு எல்லாம் பளிச்சென்று இருந்தால்தான், கண் இமைப்பதற்கு முன்னால் மூடிவிடும் கேமராவுக்குப் போதுமான வெளிச்சம் கிடைக்கும். வெள்ளைப் பின்னணியில் குதிரையின் கறுத்த கால்களும் தெளிவாகத் தெரியும்.

கேமராக்களை யார் இயக்குவது? பன்னிரண்டு பேரை நிற்க வைத்தாலும் மனிதக் கை அவ்வளவு விரைவாக வேலை செய்யாதே! குதிரையே இயக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் நேராக ஓடுபாதையின் குறுக்கே ஒரு மெல்லிய நூல். குதிரையின் மார்பு பட்டு நூல் இழுபடும்போது மின் இணைப்பு ஏற்படும். உடனே அந்தக் கேமராவின் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு, படக்கென்று திறந்து மூடும். இந்த மின் ஏற்பாட்டைச் செய்ய ஸ்டான்போர்டின் ரயில்வே பொறியாளர் ஜான் ஐசக்ஸ் உதவினார்.

1878-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்கள் அழைக்கப்பட்டார்கள். முதலில் ஏப் எட்ஜிங்டன் என்ற குதிரை இலேசான பந்தய வண்டியை இழுத்துக்கொண்டு போனது. பிறகு சாலி கார்டனர் என்ற பெண் குதிரை நாலுகால் பாய்ச்சலில் வந்தது. நூல்கள் பட் பட்டென்று அறுந்தன. மிரண்டுபோன குதிரை துள்ளியதில் சேணத்தின் வார் அறுந்துவிட்டது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின.

தகடுகளை அங்கேயே கழுவிக் காட்டினார் மைபிரிட்ஜ். அறுந்த வாரும் படத்தில் தெரிந்தது! இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? முன்கூட்டியே வரைந்து வைத்த படத்தில் அன்றைக்கு அறுந்த வார் எப்படி வரும்? சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த மாதம் எடுத்த சாலி கார்டனரின் படங்கள் உலகப் புகழ் பெற்றன. மணிக்கு சுமார் 58 கிலோமீட்டர் வேகம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி உள்ளே போன நேரம் நொடியில் 2000-இல் ஒரு பங்குக்கும் குறைவு என்று மைபிரிட்ஜ் தன் படத்தாளில் அச்சிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 58 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு சுமார் 16 மீட்டர். ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் குதிரை 32 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு அடிக்கோல் நீளம்! படம் கலங்காமல் என்ன செய்யும்? ஆனால் 2000-இல் ஒரு பங்கு நேரத்தில் குதிரை நகர்வது வெறும் 8 மில்லிமீட்டர். அதனால்தான் கால்கள் தெளிவாக விழுந்தன.

சரி, விடை என்ன?

நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. ஸ்டான்போர்டு சொன்னது சரி. ஆனால் ஓவியர்கள் வரைந்தது தவறு! கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது குதிரை அந்தரத்தில் இல்லை. நான்கையும் வயிற்றுக்குக் கீழே மடக்கிச் சேர்த்து வைத்திருக்கும்போதுதான் அந்தரத்தில் இருக்கிறது. இந்த விடையை இரண்டு கட்சிக்காரர்களும் எதிர்பார்க்கவில்லை.

ஓவியர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. இப்படிக் கோணல்மாணலாகக் குதிரை ஓடுமா என்றார்கள். ஆனால் குதிரைப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சு ஓவியர் மெசோனியே, 1881-இல் பாரிஸ் வந்த மைபிரிட்ஜைத் தன் வீட்டுக்கு அழைத்து, கலைஞர்களைக் கூட்டி, படங்களைப் போட்டுக் காட்டச் செய்தார். தான் பல ஆண்டுகளாகப் பார்த்து வரைந்ததில் பிழை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

பறிபோன பெயர்

இவ்வளவு உழைத்தவருக்கு ஒரு பெரிய அடி காத்திருந்தது.

1882-ஆம் ஆண்டு மைபிரிட்ஜ் லண்டனில் இருந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் உரை நிகழ்த்தியபோது இங்கிலாந்து இளவரசரே வந்து கேட்டார். ராயல் சொசைட்டி என்ற புகழ்பெற்ற அறிவியல் கழகம் அவருடைய கட்டுரையை வெளியிட முன்வந்தது. ஒரு புத்தகக் கடைக்காரரின் வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. ஓடும் குதிரையைப் பற்றிய புத்தகம். ஸ்டான்போர்டின் ஆதரவில் ஸ்டில்மன் என்ற மருத்துவர் எழுதியது. உள்ளே மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள். ஆனால் முகப்புப் பக்கத்தில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை!

ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை நிறுத்திவிட்டது. அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொல்கிறாரோ என்ற சந்தேகம் அவர் மேலேயே விழுந்தது. மைபிரிட்ஜ் ஸ்டான்போர்டு மீது வழக்குப் போட்டார். தோற்றார்.

செலவு செய்தவர் ஸ்டான்போர்டு. மின் இணைப்புக்கு உதவியவர் ஐசக்ஸ். ஆனால் படம் எடுத்தது மைபிரிட்ஜ். பலர் கூடிச் செய்த வேலையில் ஒருவருடைய பெயரை விட்டுவிட்டால் அவருக்கு எவ்வளவு வலிக்கும்! வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து செய்த அறிவியல் மாடலில் உங்கள் பெயரை மட்டும் எழுதாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேமராவுக்குள் கிரிக்கெட்

மைபிரிட்ஜ் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. இன்னும் பெரிதாகச் செய்து காட்டுவது என்று தீர்மானித்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு இடமும் பணமும் கொடுத்தது. 1884 முதல் அங்கே வேலை செய்தார். இப்போது ஈரத் தகட்டுக்குப் பதிலாக உலர்ந்த தகடு வந்துவிட்டது. அது குறைந்த நேரத்திலேயே படத்தைப் பிடிக்கும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1887-இல் 781 படத்தாள்கள் கொண்ட பெருந்தொகுப்பாக வெளியிட்டார். அதில் குதிரை மட்டுமா? யானை நடக்கிறது, ஒட்டகம் ஓடுகிறது, பறவை சிறகடிக்கிறது. மனிதர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள், தண்ணீர்க் குடம் தூக்குகிறார்கள்.

விளையாட்டு வீரர்களும் வருகிறார்கள். ஓட்டம், தடை தாண்டும் ஓட்டம், உயரம் தாண்டுதல், மல்யுத்தம், குத்துச்சண்டை, டென்னிஸ், பேஸ்பால். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த கிரிக்கெட்டும் உண்டு! பந்து வீசுகிறவரின் கை எப்படிச் சுழல்கிறது, மட்டையை எப்படி வீசுகிறார்கள் என்று ஒவ்வொரு அசைவும் தனித்தனிப் படமாக இருக்கிறது. இன்று பந்துவீச்சாளரின் முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று வேகக் கேமராக்களை வைத்து ஆராய்கிறார்கள். ஸ்லோமோஷனில் ரன் அவுட்டைப் பார்க்கிறார்கள். அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் மைபிரிட்ஜ்.

நிறுத்தினார், ஓடவும் விட்டார்

ஓட்டத்தைத் துண்டு துண்டாக நிறுத்தியவருக்கு, அந்தத் துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் ஓட விட்டால் என்ன என்று தோன்றியது. 1879-இல் ஒரு கருவி செய்தார். வட்டமான கண்ணாடித் தட்டின் விளிம்பில் குதிரையின் படங்களை வரிசையாகத் தீட்டினார். விளக்கின் முன்னால் தட்டைச் சுழற்றினால் திரையில் குதிரை ஓடும்! இதற்கு ஜூப்ராக்சிஸ்கோப் என்று வாயில் நுழையாத பெயர் வைத்தார். பல ஊர்களில் மக்கள் கூடிப் பார்த்து வியந்தார்கள்.

பிரான்சில் மாரே என்ற விஞ்ஞானி இந்தப் படங்களைப் பார்த்து உற்சாகம் அடைந்தார். 1882-இல் துப்பாக்கி வடிவக் கேமரா ஒன்றைச் செய்தார். விசையை அழுத்தினால் நொடிக்கு 12 படங்கள். பறக்கும் பறவையைச் சுடாமலே பிடித்துவிடலாம்! 1888-இல் மைபிரிட்ஜ் எடிசனைச் சந்தித்துப் பேசினார். அதன் பிறகு சில ஆண்டுகளில் சினிமா பிறந்தது. 1905-இல் கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள் அசையும் படத்தைப் பார்த்தது அப்படித்தான்.

ஆனால் அதைப் பார்க்க மைபிரிட்ஜ் இல்லை. 1894-இல் தாய்நாடு திரும்பிய அவர், பிறந்த ஊரான கிங்ஸ்டனிலேயே 1904-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி, 74-ஆம் வயதில் காலமானார். தன் கருவியையும் கண்ணாடித் தட்டுகளையும் ஊருக்கே எழுதி வைத்தார். அவை கிங்ஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பெயரைப் பலமுறை மாற்றியவர் அல்லவா? அவருடைய நினைவுக் கல்லில் பெயர் மேபிரிட்ஜ் என்று எழுத்துப் பிழையோடு செதுக்கப்பட்டுவிட்டது! புத்தகத்தில் விடுபட்ட பெயர், கல்லிலும் சரியாக விழவில்லை. ஆனாலும் ஓடும் குதிரையின் படத்தைப் பார்க்கிறவர்கள் அவரைத்தான் நினைக்கிறார்கள்.

மறுபடியும் மாமல்லபுரம்

இன்று மாமல்லபுரம், கோவளம் கடற்கரைகளில் இளைஞர்கள் பலகையின் மேல் நின்று அலைச்சறுக்கு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார். அலையின் நுனியில் வீரர் திரும்பும் நொடியைப் படம் பிடிப்பவர்களும் மைபிரிட்ஜின் பாடங்களைத்தான் பின்பற்றுகிறார்கள்.

முதல் பாடம் வேகம். நொடியில் 1000-இல் ஒரு பங்கோ, அதற்கும் குறைவான நேரமோ மட்டுமே ஷட்டர் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது பாடம் வெளிச்சம். நம் கடற்கரை கிழக்கே பார்த்தது. காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் கரையிலிருந்து எடுத்தால் வீரர் கறுப்பு நிழலாகத் தெரிவார். பிற்பகலில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அப்போது முகம் தெளிவாக விழும். மூன்றாவது பாடம்தான் முக்கியம்: பொறுமை. அடுத்த அசைவு எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து காத்திருக்க வேண்டும். மைபிரிட்ஜ் நூலைக் கட்டிவிட்டுக் காத்திருந்ததுபோல!

செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர்களின் செல்போனை அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் நண்பனைப் பந்தை மேலே எறியச் சொல்லுங்கள். பந்து ஏறும்போது ஒரு படம், உச்சியில் ஒரு படம், இறங்கும்போது ஒரு படம். எது தெளிவாக இருக்கிறது? உச்சியில் எடுத்ததுதான்! மேலே போய்த் திரும்பும் இடத்தில் பந்து ஒரு கணம் வேகம் இழந்து நிற்கிறது. துள்ளும் விளையாட்டு வீரர்களையும் அந்தக் கணத்தில்தான் எளிதாகப் பிடிக்கலாம்.

செல்போன் இல்லையா? பரவாயில்லை. பழைய நோட்டின் மூலையில், ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, குதிக்கும் பையனைப் பன்னிரண்டு படமாக வரையுங்கள். விரலால் தாள்களைச் சர்ரென்று புரட்டுங்கள். பையன் குதிப்பான்! அதுதான் உங்கள் ஜூப்ராக்சிஸ்கோப்.

குதிரை எப்படி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்ததாகத்தான் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நூலைக் கட்டிச் சோதித்துப் பார்த்தபோதுதான் தெரியாது என்பது தெரிந்தது. உங்களைச் சுற்றிலும் எல்லோரும் சரி என்று சொல்லும் விஷயங்கள் எத்தனையோ இருக்கும். அவற்றில் ஒன்றையாவது நீங்களே சோதித்துப் பாருங்கள், குழந்தைகளே!